ஒரு நேரத்தில் ஒரு பட்டன்: ஆப் எழுத வரும் இளையவர்களுக்கு

‘பணம் கட்டு’ பட்டனும் ‘ரத்து செய்’ பட்டனும் ஒரே திரையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் அழுத்தப்பட்டால் என்ன ஆகும்? தடுப்பு எதுவும் இல்லாத ஆப்பில் பணமும் போகும், ஆர்டரும் ரத்தாகும். போன பணத்தைத் திரும்ப வாங்க அந்த வாடிக்கையாளர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றாகப் படித்த பிள்ளைகளும் யோசிக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இது வருவதில்லை. பயிற்சி வகுப்புகளும் தொடுவதில்லை. மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துத் திருத்துவதே பல வருடங்களாக என் வேலை. அதில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்ததை, புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

1. பயனரைக் குறை சொல்லாதீர்கள்.

“யார் சார் ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கப் போறாங்க?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிறையப் பேர் அமுக்குகிறார்கள். ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர், மறு கையால் போனைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தட்டுகிறார். விரல் ஒரு பட்டனில் இருக்கும்போது அதன் அடிச்சதை திரையின் ஓரத்தில் இன்னொன்றைத் தொடுகிறது. வயதானவர்களுக்குக் கை நடுங்குகிறது. மடியில் இருக்கும் குழந்தை அம்மாவின் போனில் கையை வைக்கிறது. பழைய போனில் அடுத்த திரை வரத் தாமதமானால், தட்டு விழவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவது இயல்பு. போன் அவர்களுடையது, விரல் அவர்களுடையது. எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் நம்முடையது.

2. மூன்று பிரச்சினைகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டு வெவ்வேறு பட்டன்கள் ஒரே சமயத்தில் அழுத்தப்படுவது ஒன்று. ஒரே பட்டன் அடுத்தடுத்து இரண்டு முறை தட்டப்படுவது இன்னொன்று. ஒரு முறைதான் தட்டினார், ஆனால் நெட்வொர்க் இழுத்தடித்து அதே கோரிக்கை சர்வருக்கு இரண்டு முறை போய்ச் சேர்ந்தது என்பது மூன்றாவது. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: ஒரு செயல் நடக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அதனால் ஒன்றுக்கு எழுதிய தீர்வை மற்றதற்கும் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். பக் ரிப்போர்ட் வந்ததும் இது எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

3. ஆண்ட்ராய்டு விரல்களை எப்படிப் பங்கிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் விரல் திரையில் பட்டதும் ‘ஆக்‌ஷன் டவுன்’ என்ற நிகழ்வு வருகிறது. அந்த விரலை எடுக்காமல் இரண்டாவது விரல் பட்டால் ‘ஆக்‌ஷன் பாயின்ட்டர் டவுன்’ வருகிறது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-க்கு முன்பு, முதல் விரல் எந்தப் பட்டனில் விழுந்ததோ அதற்கே எல்லா விரல்களின் நிகழ்வுகளும் போகும்; கடைசி விரல் எடுக்கப்படும் வரை மற்றவற்றுக்கு எதுவும் போகாது. 3.0 முதல் அந்த வழக்கம் மாறியது. பட்டன்களைத் தாங்கி நிற்கும் வியூகுரூப், வரும் நிகழ்வை விரல்வாரியாகப் பிரித்து அந்தந்தப் பட்டனுக்குக் கொடுக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது இரண்டாவது பட்டனுக்குப் போவது ‘பாயின்ட்டர் டவுன்’ என்ற பெயரில் போவதில்லை. சாதாரண ‘ஆக்‌ஷன் டவுன்’ ஆகவே போகிறது. ஆகவே ஒவ்வொரு பட்டனும் தன்னை மட்டுமே ஒருவர் தொட்டிருக்கிறார் என்று நினைக்கிறது. பக்கத்துப் பட்டனின் நிலை எதற்கும் தெரியாது. பட்டனுக்குள் உட்கார்ந்துகொண்டு இதைத் தீர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு மேலே, தாய் லேஅவுட்டில் இருக்கிறது. ‘ஸ்ப்ளிட்மோஷன்ஈவன்ட்ஸ்’ என்ற பண்பை ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால் பழைய நடத்தை திரும்பிவிடும். ஆனால் அது அந்த ஒரு லேஅவுட்டுக்குத்தான் பொருந்தும். வெளியே இருக்கும் லேஅவுட்டில் வைத்துவிட்டு உள்ளே அடுக்கியிருப்பவற்றை மறந்தால், உள்ளே இருப்பது தன் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பிரித்துக்கொடுக்கும். ஆப் முழுவதும் வேண்டுமென்றால் தீமிலேயே அந்தப் பண்பை எழுதலாம்; எல்லா லேஅவுட்டும் அதை எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்கு முன் ஒன்பதாவது அறிவுரையைப் படித்துவிடுங்கள்.

ஜெட்பேக் கம்போஸில் இந்தப் பண்பு கிடையாது. தாய்க் கம்போசபிளில் ‘பாயின்ட்டர்இன்புட்’ போட்டு, ‘இனிஷியல்’ சுற்றிலேயே முதல் விரலைத் தவிர மற்றவற்றை உட்கொண்டுவிட வேண்டும். ‘மெயின்’ சுற்றில் செய்தால் பிந்திவிடும், ஏனென்றால் அதில் பிள்ளைகளுக்குப் பிறகுதான் தாய்க்கு வரும். ஃபிளட்டரிலும் ஒவ்வொரு விரலுக்கும் தனி ஜெஸ்ச்சர் அரீனா நடக்கிறது. இரண்டு விரல் என்றால் இரண்டு வெற்றியாளர்கள்.

4. ஐஓஎஸ்ஸில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

‘மல்ட்டிபிள்டச்எனேபிள்ட்’ என்ற பண்பு இயல்பிலேயே ‘ஃபால்ஸ்’. அதனால் பிரச்சினையே இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது ஒரே வியூவுக்குள் இரண்டாவது விரலை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டு வெவ்வேறு பட்டன்களில் தலா ஒரு விரல் வைத்தால் அது தடுக்காது. அதற்கு உரியது ‘எக்ஸ்க்ளூசிவ்டச்’. இதை ‘ட்ரூ’ ஆக்கிய பட்டன் ஒரு விரலைப் பிடித்திருக்கும் வரை, அதே விண்டோவில் உள்ள வேறு எந்த வியூவுக்கும் தொடுகை போகாது. எதிர்ப்பக்கமும் உண்டு: வேறு ஒரு வியூ ஏற்கெனவே விரலைப் பிடித்திருந்தால் இந்தப் பட்டனுக்குத் தொடுகை வராது. ஆனால் பண்பு இல்லாத இரண்டு பட்டன்களுக்கு நடுவே எந்தத் தடையும் இல்லை என்பதால், ஒன்றோடொன்று மோதக்கூடிய எல்லாப் பட்டன்களிலும் வைத்துவிடுங்கள். வேறு விண்டோவில் மிதக்கும் பட்டனுக்கு இது செல்லாது.

5. விரலைத் தடுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் விரலை எடுத்த அந்தக் கணமே உங்கள் கிளிக் லிசனர் ஓடுவதில்லை. பட்டன் அமுங்கி எழும் தோற்றம் முதலில் தெரியட்டும் என்பதற்காக, கிளிக்கை மெயின் த்ரெட்டின் வரிசையில் போட்டுவைக்கிறார்கள். இரண்டு கிளிக்குகள் வரிசையில் ஏறிவிட்டன என்று வையுங்கள். முதலாவது ஓடும்போது நீங்கள் ‘செட்எனேபிள்ட் ஃபால்ஸ்’ எழுதி முதல் பட்டனை மட்டும் முடக்குகிறீர்கள். ஆனால் இரண்டாவது பட்டனின் கிளிக் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது; முதல் பட்டன் முடக்கப்பட்டதா என்று அது திரும்பிப் பார்க்காது. ஓடிவிடும்.

ஜேக் வார்ட்டன் எழுதிய பட்டர்நைஃப் நூலகத்தில் இதற்கு ஒரு சின்ன லிசனர் இருந்தது. இன்று அந்த நூலகத்தைப் புதிதாக யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனாலும் அந்தச் சில வரிகளைத் தேடிப் படியுங்கள். எல்லா லிசனர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு ‘ஸ்டாட்டிக்’ கொடி. கிளிக் வந்ததும் கொடி ‘ட்ரூ’வா என்று பார்க்கிறது, ஆமென்றால் உடனே அதை இறக்கிவிடுகிறது, கொடியை மறுபடி ஏற்றும் வேலையை வரிசையின் கடைசியில் போடுகிறது, பிறகுதான் உண்மையான வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே வரிசையில் நிற்கும் மற்ற கிளிக்குகள் கொடி ஏறுவதற்கு முன்பே வந்து, இறங்கிய கொடியைப் பார்த்துத் திரும்பிப் போகின்றன. கடிகாரம் இல்லை, மில்லிசெகண்ட் கணக்கு இல்லை. வரிசை எப்படி ஓடுகிறது என்று புரிந்தவர் எழுதியது என்பது படித்த உடனே தெரியும்.

6. கடிகாரத்தை நம்பி எழுதாதீர்கள்.

கடைசியாகத் தட்டியதில் இருந்து 500 மில்லிசெகண்ட் ஆகவில்லை என்றால் ஒதுக்கு: இந்தக் கோடு இல்லாத ஆப்பை நான் அரிதாகவே பார்க்கிறேன். தேவையான இடம் இதற்கும் உண்டு. ஆனால் இதையே முழுப் பாதுகாப்பாக வைக்கக் கூடாது. கிராமத்து 2ஜி சிக்னலில் சர்வர் பதில் வர எட்டு நொடி ஆனால், அந்த 500 மில்லிசெகண்ட் எப்போதோ தீர்ந்துவிடும். நல்ல வைஃபையில் பதில் அரை நொடிக்குள் வந்துவிட்டால், பயனர் உண்மையிலேயே விரும்பித் தட்டிய அடுத்த தட்டு வீணாகும். எந்த எண்ணைப் போட்டாலும் யாரோ ஒருவருக்கு அது தப்பாகவே இருக்கும்.

அப்படியும் நேரத்தைப் பார்க்க வேண்டி வந்தால் ‘கரன்ட்டைம்மில்லிஸ்’ வேண்டாம். பயனரோ நெட்வொர்க்கோ போனின் நேரத்தைப் பின்னால் தள்ளினால் பட்டன் வேலை செய்யாமல் நின்றுவிடும். ‘எலாப்ஸ்ட்ரியல்டைம்’ போன் பூட் ஆனதில் இருந்து எண்ணுகிறது, பின்னால் போகாது. ஆர்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: பட்டனுக்கு வேண்டியது ‘த்ராட்டில்ஃபர்ஸ்ட்’. முதல் தட்டை உடனே ஏற்று, பின்னால் வருவதை ஒதுக்கும். ‘டிபவுன்ஸ்’ தட்டுவது ஓய்ந்த பிறகே வேலையைத் தொடங்கும். தேடல் பெட்டிக்கு அது சரி. பட்டனுக்குப் போட்டால் ஆப் மந்தமாகிவிட்டது என்று புகார் வரும்.

7. நிலையை வைத்துத் தடுங்கள். நான் சொல்வதில் இதுதான் மையம்.

திரைக்கு ஒரு நிலை வையுங்கள்: சும்மா இருக்கிறது, வேலை நடக்கிறது, முடிந்தது, தோற்றது. ‘பணம் கட்டு’, ‘ரத்து செய்’ இரண்டும் அந்த ஒரே நிலையைத்தான் கேட்க வேண்டும். சும்மா இருந்தால் மட்டுமே தட்டை ஏற்று, ஏற்ற உடனே நிலையை மாற்றிவிட வேண்டும். அப்போது இரண்டு விரல் பட்டாலும், இருபது முறை தட்டினாலும் முதலில் வந்தது மட்டுமே உள்ளே போகும். மெயின் த்ரெட்டில் கிளிக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருவதால் லாக்கும் மியூட்டெக்ஸும் தேவைப்படாது. ஒரு சாதாரண மாறி போதும்.

ஆனால் அந்த மாறியை எந்த வரியில் மாற்றுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளிக் லிசனரில் ‘லான்ச்’ என்று கோரூட்டினைத் தொடங்கி, அதற்குள் முதல் வரியில் ‘வேலை நடக்கிறது’ என்று எழுதியிருப்பார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். அந்தக் கோரூட்டின் மெயின் டிஸ்பேச்சரில் வரிசையில் போடப்படுகிறது என்றால், அது ஓடுவதற்கு முன் இரண்டாவது கிளிக் வந்து, நிலை இன்னும் ‘சும்மா’ என்று பார்த்து, அதுவும் ஒரு கோரூட்டினைத் தொடங்கிவிடும். ஸ்விஃப்ட்டில் ‘டாஸ்க்’ போட்டு அதற்குள் மாற்றுவதும் இதே கதை. சோதிப்பதும் மாற்றுவதும் லிசனரின் முதல் இரண்டு வரிகளில், இடையில் எதுவும் இல்லாமல், சேர்ந்தே இருக்க வேண்டும். அதன் பிறகு லான்ச் செய்யுங்கள்.

திரும்பத் திறப்பதை ‘ஃபைனலி’யில் வையுங்கள். வெற்றியில் மட்டும் திறந்துவிட்டு, தோல்வியில் மறந்தால் பயனர் செத்த பட்டன் முன்னால் நிற்பார். இந்த நிலையை ஆக்டிவிட்டியில் வைக்காமல் வியூமாடலில் வையுங்கள். போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி புதிதாகப் பிறக்கும். பாதியில் ஓடும் வேலையை மறந்து பட்டன் மறுபடி பளிச்சென்று காத்திருக்கும்.

8. அடுத்த திரைக்குப் போகும் பட்டனைத் தனியாகக் கவனியுங்கள்.

கிராஷ் அதிகம் வருவது இங்கேதான். ஆண்ட்ராய்டு நேவிகேஷனில் முதல் தட்டு உங்களை அடுத்த திரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. இரண்டாவது தட்டு, தான் இன்னும் பழைய திரையில் இருப்பதாக நினைத்து அங்கிருந்து கிளம்பும் வழியைத் தேடுகிறது. வழி இல்லை, எக்ஸெப்ஷன். இப்போதைய திரையின் லைஃப்சைக்கிள் ‘ரெஸ்யூம்ட்’ நிலையில் இருந்தால் மட்டும் போ என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. ஐஓஎஸ்ஸில் ஒரே வியூகன்ட்ரோலரை இரண்டு முறை தள்ளினால் ஆப் நின்றுவிடும். புதிது புதிதாக உருவாக்கித் தள்ளினால் ஒரே திரை இரண்டு அடுக்காக நிற்கும், பேக் போகிறவருக்கு எதுவும் புரியாது.

9. எல்லா இடத்திலும் தடுக்காதீர்கள்.

கால்குலேட்டர், பின் நம்பர் போடும் எண்பலகை ஆகியவற்றில் வேகமாகத் தட்டுபவர் ஒரு விரலை எடுப்பதற்குள் அடுத்த விரலை வைத்துவிடுவார். அங்கே ‘எக்ஸ்க்ளூசிவ்டச்’ போட்டால் நான்கு இலக்கத்தில் ஒன்று காணாமல் போகும். பியானோ ஆப், விளையாட்டு, இரு விரலால் பெரிதாக்கும் வரைபடம் எல்லாம் இதே வகை. தீமில் ஒரே அடியாக அணைத்துவிடுவது எளிது. பிறகு எந்தத் திரையில் எது உடைந்தது என்று தேடுவது கஷ்டம். ஒன்றோடொன்று முரண்படும் செயல்கள் இருக்கும் திரைகளில் மட்டும் தடுங்கள்.

முழுத் திரையையும் மூடி, சுற்றும் சக்கரத்தைக் காட்டி, பேக் பட்டனையும் பிடுங்கிக்கொள்வது இன்னும் மோசம். ஐஓஎஸ்ஸில் தொடுகையை மொத்தமாக நிறுத்தும் ‘பிகின்இக்னோரிங்இன்டராக்‌ஷன்ஈவன்ட்ஸ்’ ஐஓஎஸ் 13-லேயே கைவிடச் சொல்லப்பட்டுவிட்டது. வேலை நடந்தாலும் வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும்.

10. பட்டன் பதில் சொல்லட்டும்.

மறு தட்டுகளில் பெரும்பகுதி, முதல் தட்டுக்கு அடையாளம் தெரியாததால் வருபவை. 0.1 நொடிக்குள் ஏதாவது அசைந்தால்தான் தன் செயலுக்கு உடனே பலன் கிடைத்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதினார். பட்டனின் எழுத்தை ‘அனுப்புகிறோம்…’ என்று மாற்றுங்கள். டாக்பேக் கேட்டு இயக்குபவருக்கும் அது சென்று சேரும். அளவும் முக்கியம்: ஆப்பிள் 44-க்கு 44 பாயின்ட், கூகுள் 48-க்கு 48 டிபி கேட்கின்றன. முரண்படும் இரண்டு பட்டன்களை ஒட்டி வைக்காதீர்கள் என்று டிசைனரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

11. கடைசிக் காவல் சர்வரில் இருக்கட்டும்.

ஆப்பில் எவ்வளவு தடுத்தாலும், கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனால், மறுமுயற்சி இரண்டாவது ஆர்டராகிவிடும். அதனால் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி அடையாள எண்ணை ஆப்பே உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் அதே கவரை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி நீட்டினாலும், மேலே உள்ள பெயரைப் பார்த்து நோட்டில் ஒரு வரிதான் எழுதுவார். ஸ்ட்ரைப் போன்ற பணம் செலுத்தும் சேவைகள் இந்த முறையை வெளிப்படையாகவே தருகின்றன.

அந்த எண்ணை எப்போது உருவாக்குவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். தட்டும்போது உருவாக்கினால் இரண்டு தட்டுக்கு இரண்டு எண்; பயனே இல்லை. உறுதிசெய்யும் திரை திறக்கும்போது ஒருமுறை உருவாக்கி, அந்தச் செயல் முடியும் வரை அதையே வைத்திருங்கள். சர்வர் பக்கம் ‘இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று இரண்டு படியாக எழுதினால், இரண்டு கோரிக்கைகளும் ஒரே கணத்தில் ‘இல்லை’ என்று கண்டு இரண்டுமே எழுதிவிடும். டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு போட்டு அதனிடம் விட்டுவிடுங்கள்.

12. தெராக்-25 பற்றிப் படியுங்கள்.

கனடா நிறுவனம் செய்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், உயிர்கள் போயின. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்தவற்றில், ஆபரேட்டர் எக்ஸ்-ரே என்று தட்டியதை எலக்ட்ரான் என்று வேகமாகத் திருத்தினார். காந்தங்கள் தயாராக எடுத்துக்கொண்ட 8 நொடிக்குள் அந்தத் திருத்தம் முடிந்துவிட்டதால் மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் ஒன்று, இயந்திரத்துக்குள் வேறொன்று. அதற்கு முந்தைய தெராக்-20 இயந்திரத்தில் இப்படி நடந்தால் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டு இருந்தது. புதியதில் அதை நீக்கி மென்பொருளை மட்டும் நம்பினார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1993-ல் வந்தது. நாம் எழுதுவது மளிகை ஆப்தான் என்றாலும், அந்தக் கட்டுரையைப் படித்தவர் “அவ்வளவு வேகமா யாரும் தட்ட மாட்டாங்க” என்று பிறகு சொல்ல மாட்டார்.

13. இடைவெளியை அகலமாக்கிச் சோதியுங்கள்.

உங்கள் மேஜையில் இருக்கும் புதுப் போனில் இந்த பக் வெளியே வராது. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து அனிமேஷன் அளவுகளை 10 மடங்காக வையுங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் மாறும் திரை இப்போது ஆற அமர நகரும், நடுவில் எத்தனை தட்டு வேண்டுமானாலும் போடலாம். அங்கேயே ‘பாயின்ட்டர் லொகேஷன்’ இயக்கினால், எத்தனை விரல் படுகிறது என்பது மேலே எண்ணாகத் தெரியும். ஐஓஎஸ்ஸில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனரால் இணைப்பை மெதுவாக்குங்கள். ஆண்ட்ராய்டின் ‘மங்கி’ கருவி கண்டபடி தட்டும். இரவில் ஓடவிட்டுக் காலையில் லாகைப் பாருங்கள்.

கருவிகள் எல்லாம் முடிந்த பிறகு, பணம் போகும் ஒவ்வொரு திரையிலும் இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு பட்டன்களில் வைத்து ஒன்றாக எடுத்துப் பாருங்கள். அடுத்த ரிலீஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இரண்டு செயலும் பதிவானால் அந்த ரிலீஸை நிறுத்தச் சொல்லும் உரிமை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும், உங்களுக்கு உண்டு.